ஜோடி சேர்க்குமுன் குட்டிகளுக்கு வீடு பாருங்கள்

(‘அடுக்குமாடி வீட்டில் செல்லப் பிராணி’ என்ற தலைப்பில் சிங்கப்பூரில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், அடுக்குமாடி வீட்டுக்கு மிகவும் ஏற்ற பிராணி முயல்தான் என்றார். அதற்கு மூன்று காரணங்களும் சொன்னார். முயல் சத்தம் போடாது. அதைக் காலையும் மாலையும் கீழே நடக்க அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. அதற்கு உரிமம் எடுக்க வேண்டியதில்லை.

மூன்றும் உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் முயல் துன்பப்படுவதற்கும் இந்த மூன்றே காரணம் என்று நான் சொல்கிறேன்.

சத்தம் போடாது என்றீர்கள். வலித்தாலும் அது சத்தம் போடாது. நரிக்கும் பருந்துக்கும் இரையாகப் பிறந்த பிராணி, தன் பலவீனத்தை வெளியே காட்டாது. நமக்குத் தெரிய வரும்போது நோய் முற்றியிருக்கும். நடக்க அழைத்துச் செல்ல வேண்டியதில்லை என்றீர்கள். அதனால் அது வாழ்நாள் முழுவதும் கூண்டிலேயே கிடக்கிறது. உரிமம் வேண்டாம் என்றீர்கள். நாய்க்கு உரிமம் உண்டு. 2024 செப்டம்பர் முதல் தேதியில் இருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கவும் அனுமதி வந்தது. அதற்கும் உரிமம், அதற்கும் எண்ணிக்கை வரம்பு. முயலுக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு வீட்டில் எத்தனை முயல் இருக்கிறது, இந்த ஆண்டு எத்தனை குட்டி பிறந்தது என்று யாரும் வந்து கணக்கெடுப்பதில்லை. வளர்ப்பவர்தான் கணக்கு வைக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதல் கணக்கு ஆயுள். நன்றாகப் பராமரித்தால் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். 2023ஆம் ஆண்டு சீன நாள்காட்டியில் முயல் ஆண்டு. அந்தச் சமயத்தில் ஆசைப்பட்டு வாங்கிய குட்டி, அடுத்த முயல் ஆண்டான 2035ஐ எட்டிப் பார்க்கக்கூடும். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகனுக்கு வாங்கிக் கொடுத்தால், அவன் தேசிய சேவைக்குப் போகும்போதும் முயல் வீட்டில் இருக்கும். அப்போது அதற்குப் புல் போடப் போவது அவன் இல்லை, நீங்கள்தான். வாங்கும்போதே இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டு போதாது

இரண்டாவது கணக்கு இடம். கடையில் முயலோடு சேர்த்து ஒரு கூண்டையும் கொடுப்பார்கள். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், அடியில் கம்பி வலை. கழிவு கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது எளிது என்பார்கள். நமக்கு எளிதுதான். முயலின் பாதத்தில் நாய், பூனைக்கு இருப்பதுபோல் மெத்தென்ற திண்டு கிடையாது. முடி மட்டுமே உண்டு. கம்பியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பின்னங்கால் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். அந்தப் புண் ஆறுவது எளிதல்ல.

முயலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? பிரிட்டனில் முயல் நலனுக்காகவே செயல்படும் அறநிறுவனம் ஒன்று, இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்று பரிந்துரைக்கிறது. நம் நான்கறை வீட்டின் படுக்கையறை ஒன்றில் பாதிக்கு மேல் போய்விடும். அவ்வளவு முடியாவிட்டாலும் ஓர் எளிய சோதனை வைத்துக்கொள்ளுங்கள். முயல் தொடர்ந்து மூன்று முறை தாவ முடிகிறதா? காது மேலே இடிக்காமல் பின்னங்காலில் எழுந்து நிற்க முடிகிறதா? உடம்பை முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க முடிகிறதா? இந்த மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் இடம் போதவில்லை என்று பொருள்.

நாய்க்குட்டிகளுக்கு விற்கும் மடக்கு வேலியை வாங்கி வரவேற்பறையின் ஒரு மூலையில் வையுங்கள். வழுவழுப்பான தரையில் முயலின் கால் வழுக்கும், பாய் விரியுங்கள். ஒரு மூலையில் கழிவுத் தட்டும் அதன் அருகில் காய்ந்த புல்லும் வைத்தால், முயல் அங்கேயே போய்க் கழிக்கப் பழகிக்கொள்ளும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி போதும்; இரண்டு பக்கமும் வாசல் வெட்டிவிடுங்கள். மின்கம்பிகளை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். முயல் கடிக்கும் முதல் பொருள் அதுதான்.

அடுத்தது வெப்பம். நம் ஊரில் மதிய வெயில் 31, 32 டிகிரியைத் தொடுவது சாதாரணம். முயலுக்கு 28 டிகிரியைத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். அதற்கு நம்மைப்போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றுகிறது. மேற்கு வெயில் விழும் பால்கனியும், துணி காயப்போடும் இடமும், வாசலுக்கு வெளியே நடைபாதையும் முயல் இருக்கும் இடங்கள் அல்ல. வீட்டுக்குள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தண்ணீரைப் புட்டியில் நிரப்பி உறைய வைத்து, துணியில் சுற்றி அருகில் வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். படுத்தபடி வேகவேகமாக மூச்சுவிட்டால், காது சூடாக இருந்தால், ஈரத் துணியால் காதைத் துடைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முயல் என்றால் கேரட் என்பது கேலிச்சித்திரங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தது. கேரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலின் உணவில் 100க்கு 80 பங்குக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்று மென்றுதான் அவை தேயும். அரை நாள் ஒன்றும் சாப்பிடாமல், கழிவும் போடாமல் இருந்தால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். குடல் நின்றுபோனால் ஒரே நாளில் உயிர் போய்விடும்.

“எங்கள் வீட்டு முயல் அந்தக் கூண்டில்தான் ஐந்து வருடமாக இருக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறது?” என்று சிலர் கேட்பார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கும் கதை நமக்குப் புதிதல்ல. அதற்கு நான்கு கால் உண்டு என்பதை ஓடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

31 நாள் கணக்கு

இப்போது மூன்றாவது கணக்குக்கு வருகிறேன். நேயர்கள் இதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

ஒற்றை முயல் பாவம், துணைக்கு இன்னொன்று வாங்குவோம் என்று நினைப்பது நல்ல எண்ணம்தான். முயல் கூட்டமாக வாழும் பிராணி. ஆனால் சின்னக் குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது பழகியவர்களுக்கே கடினம். “இரண்டும் பெண்தான்” என்று கடையில் சொல்லி வாங்கி வந்த பிறகு, ஒரு நாள் காலையில் கூண்டுக்குள் முடிக் குவியல் அசைவதைப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.

சிறிய இன முயல் நான்காவது மாதத்திலேயே குட்டி போடும் வயதை அடைந்துவிடும். மற்ற பிராணிகளைப்போல் இதற்கு இன்ன பருவம் என்று கிடையாது. ஆணோடு சேர்ந்த பிறகுதான், அதன் தூண்டுதலால், சுமார் 10 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகும். ஆகவே எந்த நாள் சேர்ந்தாலும் அந்த நாளே போதும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஓர் ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம், பன்னிரண்டும் உண்டு. இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. குட்டி போட்ட அன்றே தாய் மறுபடியும் சினையாக முடியும். ஆண் முயல் அதே கூண்டில் இருந்தால், இந்தக் குட்டிகள் பால்குடியை மறக்குமுன் அடுத்த ஈற்று வந்து நிற்கும்.

கணக்குப் போடுவோம். ஒரு ஈற்றில் ஆறு. ஆண்டுக்கு நான்கு ஈற்று என்று மிகக் குறைவாக வைத்தாலும் 24. முதல் ஈற்றில் பிறந்த குட்டிகள் நான்காம் மாதத்தில் தங்களுக்குள் சேர ஆரம்பித்தால் அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1859ஆம் ஆண்டு ஒரு பண்ணையில் வேட்டைக்காக இறக்கிய இரண்டு டஜன் முயல்கள், ஐம்பது ஆண்டுகளுக்குள் அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிப் பயிர்களை அழித்தது வரலாறு. உங்கள் வரவேற்பறை ஆஸ்திரேலியா அல்ல. இரண்டு முயலுக்கே போதாத இடத்தில் எட்டு வந்து நிற்கும். ஆகவேதான் சொல்கிறேன், முயலுக்கு எவ்வளவு இடம் என்பதும் முயல் குட்டி போடலாமா என்பதும் இரண்டு கேள்வி அல்ல; ஒரே கேள்வி.

“ஒரே ஒரு தடவை போடட்டும்”

பெற்றோர் பலர் சொல்வது இதுதான்: “ஒரே ஒரு தடவை குட்டி போடட்டும். பிறப்பின் அற்புதத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.”

பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள் என்று சொல்கிறேன். முயல் பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ ஈனும். யாரும் பார்க்க முடியாது. குட்டிகள் முடியில்லாமல், கண் திறக்காமல் பிறந்து, தாய் தன் உடம்பில் இருந்து பிடுங்கிய முடிக்குள் புதைந்து கிடக்கும். கண் திறக்க 10 நாளுக்கு மேல் ஆகும். தாய் நாளுக்கு ஒன்றிரண்டு முறை, சில நிமிடம் மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். அது அதன் இயல்பு. காட்டில் எதிரிக்குக் கூடு தெரியாமல் இருக்க அப்படிச் செய்கிறது. தாய் ஒதுக்கிவிட்டது என்று பயந்து நாம் குட்டிகளை எடுத்துப் பசும்பால் ஊட்டினால் அதுவே அவற்றுக்கு எமன். சுற்றி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் தாய் மிரண்டு குட்டிகளை மிதித்துவிடலாம், தின்றுவிடவும்கூடும். இந்த அற்புதத்தைத்தான் உங்கள் பிள்ளை பார்க்க நேரும்.

இன்னொரு செய்தி. நம் ஊரில் அதிகம் விரும்பப்படுபவை குள்ள இனங்கள்: நெதர்லாந்து டுவார்ஃப், ஹாலந்து லாப். அந்தக் குள்ளத்தனத்துக்குக் காரணம் ஒரு மரபணு. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒன்று மட்டும் வந்தால் குட்டி அழகான குள்ள முயல். இருவரிடமிருந்தும் வந்தால் அந்தக் குட்டி பிழைக்காது. குள்ள முயல் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்த விதி. மற்றவற்றில் பாதி அளவே இருக்கும் அந்தக் குட்டிகளை வளர்ப்பவர்கள் வேர்க்கடலை என்று அழைக்கிறார்கள். சில நாளில் அவை இறந்துவிடும். முகம் தட்டையாக, உருண்டையாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்ப்பதால் தாடை குறுகி, பற்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் போவதும் இதே கதைதான். அழகு நம் கண்ணுக்கு. வலி அதன் வாய்க்கு.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு முறையாக இனப்பெருக்கம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள்? பல்லும் உடம்பும் நன்றாக உள்ள, உறவில்லாத ஜோடியைத்தான் சேர்க்கிறார்கள். பெண்ணை ஆணின் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு உடனே பிரித்துவிடுகிறார்கள். தேதியைக் குறித்து, 28ஆம் நாள் புல் நிரப்பிய பெட்டியை வைக்கிறார்கள். பிறந்த குட்டிகளைத் தினமும் எண்ணி, இறந்ததை அகற்றுகிறார்கள். எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரித்துக் கொடுப்பதில்லை. 10, 12 வாரத்தில் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் தனித்தனியே வைக்கிறார்கள். முக்கியமாக, கொடுத்த குட்டி வேண்டாம் என்று திரும்பி வந்தால் வாங்கிக்கொள்கிறார்கள். இத்தனையும் என்னால் முடியும் என்று சொல்லக்கூடியவர் செய்யட்டும். மற்றவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: ஜோடி சேர்க்குமுன் ஒரு தாளை எடுத்து எட்டுப் பெயர் எழுதுங்கள். எட்டுக் குட்டியைப் பத்து ஆண்டு வளர்க்கச் சம்மதித்த எட்டுக் குடும்பத்தின் பெயர். எழுத முடியாவிட்டால் சேர்க்காதீர்கள்.

அறுவை சிகிச்சை பாவமா?

கருத்தடை அறுவை சிகிச்சை என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். “வாயில்லா ஜீவனை அறுப்பது பாவம், இயற்கைக்கு விரோதம்” என்பார்கள். அவர்களின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பத்தாவது மாடியில் முயல் வாழ்வதும் இயற்கை இல்லைதானே? இயற்கையில் எட்டுக் குட்டியில் பெரும்பாலானவற்றை நரியும் பருந்தும் கொண்டுபோய்விடும். இங்கே அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுக்கப் போகிறோம்?

பெண் முயலுக்கு இந்தச் சிகிச்சை உயிர் காப்பதும்கூட. கருப்பை எடுக்காத பெண் முயல்களில், நான்கு வயதைத் தாண்டினால், சில இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருகிறது. ஆண் முயல் அங்கங்கே சிறுநீர் தெளிப்பதும் சண்டை போடுவதும் சிகிச்சைக்குப் பின் குறையும். கருத்தடை செய்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நல்ல ஜோடியாக வாழும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அறுவை முடிந்த பிறகும் ஆண் முயல் சில வாரங்களுக்குச் சினைப்படுத்த முடியும். ஆறு வாரம் தனியே வையுங்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மயக்க மருந்து நாய், பூனையைவிட முயலுக்கு ஆபத்து அதிகம். அதனால்தான் முயலுக்குச் சிகிச்சை செய்து பழகிய மருத்துவரைத் தேட வேண்டும். செலவு சில நூறு வெள்ளி ஆகும். முயலின் விலையைவிடச் சிகிச்சையின் விலை அதிகமாக இருக்கிறதே என்று தயங்குபவர்கள், முயலை வாங்குமுன் தயங்குவது நல்லது. அறுவைக்கு முன் முயலைப் பட்டினி போடக்கூடாது. அதற்கு வாந்தி வராது, பட்டினிதான் கெடுதல். நாய்க்குத் தெள்ளுப்பூச்சிக்காகத் தடவும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குத் தடவிவிடாதீர்கள், அது நஞ்சு. 2020 செப்டம்பரில் முயல்களைக் கொல்லும் ரத்தக்கசிவு நோய் முதன்முறையாகச் சிங்கப்பூரில் வீட்டு முயல்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. தடுப்பூசி பற்றியும் அதே மருத்துவரிடம் கேளுங்கள்.

பூங்காவில் விட்டால் விடுதலையா?

கணக்குத் தவறிய வீடுகளில் கடைசியாக நடப்பது என்ன? ஒரு மாலை நேரம், ஓர் அட்டைப் பெட்டி, பூங்காவின் ஓரம். “புல் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும்” என்ற சமாதானம்.

பிழைக்காது, நேயர்களே. வெள்ளையும் பழுப்புமாக நாம் வளர்த்த முயலின் நிறமே மலைப்பாம்புக்கும் தெருநாய்க்கும் அடையாளம் காட்டிவிடும். வளை தோண்டவோ மழைக்கு ஒதுங்கவோ அதற்குப் பழக்கம் இல்லை. விசாக தினத்தில் புண்ணியம் என்று நினைத்துப் பிராணிகளை வெளியே விடுவோரிடம், தேசியப் பூங்காக் கழகம் பல ஆண்டுகளாக வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறது. புண்ணியம் தேடி வெளியே விட்டாலும் அந்த முயலின் முடிவு இதுதான்.

சட்டமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 2014இல் திருத்தப்பட்ட விலங்குகள், பறவைகள் சட்டத்தின்படி, வளர்த்த பிராணியைக் கைவிடுவது பராமரிப்புக் கடமையில் தவறுவதாகும். முதல் முறை குற்றத்துக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முயலை வாங்க உரிமம் வேண்டாம் என்பதால் அதைக் கைவிடவும் உரிமை உண்டு என்று நினைத்துவிடாதீர்கள். வளர்க்க முடியாத நிலை உண்மையாகவே வந்தால், வேறு குடும்பத்தைத் தேடும்வரை காத்திருங்கள். முயல் மீட்பில் ஈடுபடும் தொண்டூழியர்களிடம் கேளுங்கள். அவர்களிடம் இடம் குறைவு. அதனால் அன்றே எடுத்துக்கொள்ள முடியாது. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நிறைவாக, முயல் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன். கடைக்குப் போகுமுன் மீட்பு இல்லத்துக்குப் போங்கள். கருத்தடை செய்த, வளர்ந்த முயல் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கலாம். ஏற்கெனவே இரண்டு முயல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒன்று ஆணா, மற்றது பெண்ணா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், இன்று இரவே இரண்டையும் தனித்தனியே வையுங்கள். நடுவில் வேலி இருக்கட்டும். ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளட்டும். இந்த வார இறுதியில் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்று போடும் ஒரு வேலியால், அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் ஆறு உயிர்கள் தெருவுக்கு வராமல் இருக்கும்.